பெயிண்டர் வீட்டு ஷவர் தட்டு

துணிக்கடையில் அவளுக்கு 'ஆகட்டும் அக்கா' என்று பெயர். உடுத்திப் பார்க்கும் அறைகளுக்குப் பின்னால் ஒரு தையல் மெஷினும் ஒரு மேஜையும் போட்டால் நாற்காலியை இழுக்க இடமில்லாத அறை ஒன்று உண்டு. அதுதான் அவளுடைய ராஜ்ஜியம். சுவரில் சதுரமாக ஒரு திறப்பு. துணி வாங்கினவர்கள் அதன் வழியாகப் பேண்ட்டையும் சட்டையையும் உள்ளே நீட்டுவார்கள். காலைக் குறைக்க வேண்டும், இடுப்பைப் பிடிக்க வேண்டும், அதுவும் கையோடு வேண்டும். யார் எதைச் சொன்னாலும் அவள் தலை நிமிராமல் "ஆகட்டும்" என்பாள்.

அந்த ஆகட்டுமை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டவர்கள் ஏமாந்தார்கள். அவள் காதில் வாங்கிக்கொண்டாள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. பேண்ட்டின் காலை மூன்று விரல் குறைக்கச் சொன்னவருக்கு இரண்டு விரல் குறைத்துக் கொடுப்பாள். மிச்சத்தை முதல் துவைப்பு பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. அதனால், வாயால் ஒன்றும் கையால் ஒன்றுமாக இருப்பது அவளுக்கு அப்படியே பழகிப் போயிருந்தது. வாக்குவாதம் மிச்சம், வேலையும் சுத்தம்.

வீட்டில் இருந்தவர் பெயிண்டர். கட்டின கணவர்தான். ஆனால் ஊரே அவரைப் பெயிண்டர் என்று கூப்பிட, அவளும் மற்றவர்களிடம் பேசும்போது "எங்க பெயிண்டர்" என்றே சொல்லிப் பழகிவிட்டாள். இடிபட்டு வரும் கார்களுக்குப் புதுத் தோல் போடுகிற பட்டறையில் ஸ்ப்ரே துப்பாக்கி பிடித்தே அவருக்குத் தலை நரைத்தது. முகமூடி போட்டால் வியர்க்கிறது என்று பாதி நாள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வேலை பார்த்தார். நுரையீரல் அதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. முதலில் இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கல். அப்புறம் ஒருநாள் பட்டறையிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள்.

"பெயிண்ட் வாசனை இருக்கிற இடத்துல இனிமே நீங்க நிக்கவே கூடாது" என்றார் டாக்டர். "மறந்தும் கூடாது."

இப்போது அவருக்கு ஒரு கார் நிறுத்துமிடத்தின் வாசலில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் தடுப்புக் கட்டை மேலே போகும், கார் உள்ளே போகும், கட்டை கீழே வரும். சட்டைப் பையில் மூச்சுக்கு அடிக்கிற மருந்துக் குப்பி. வேலையைப் பற்றிக் கேட்டால், "உக்காந்திருக்கேன்" என்பார். அவ்வளவுதான்.

அந்த வீட்டின் சுவர், கதவு, ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் சாயம் பூசினவர் அவர்தான். பாக்கி நின்றது ஒன்றே ஒன்று, குளியலறையில் ஷவருக்கு அடியில் பதித்திருந்த தட்டு. எனாமல் பூசின இரும்புத் தட்டு அது. நாலு பக்கமும் குட்டையான விளிம்பு, நடுவில் தண்ணீர் இறங்கும் வாய். இவர்கள் குடிவரும்போதே அது பழசு. எனாமல் தேய்ந்து மஞ்சள் பாரித்து, எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் அழுக்கு விடாமல் சொரசொரவென்று இருந்தது. தண்ணீர் இறங்கும் வாயைச் சுற்றித் துரு. ஓர் ஓரத்தில், எப்போதோ ஸ்பேனர் விழுந்து சில்லு பெயர்ந்த கறுப்புப் பள்ளம். "நானே ஒருநாள் அடிச்சிடறேன்" என்று பெயிண்டர் சொல்லி வைத்திருந்தார். அதற்குள் நுரையீரல் முந்திக்கொண்டது. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அவர் ஒரு ரப்பர் விரிப்பை வாங்கி வந்து தட்டின் மேல் போட்டார். கண்ணில் படாமல் போயிற்று.

கண்ணில் பட வைத்தது அவருடைய அக்கா. இரண்டு பஸ் மாறி வருகிற தூரத்தில் வீடு. வாய் கொஞ்சம் நீளமே தவிர மனசில் ஒன்றும் கிடையாது. ஒரு தடவை வந்தபோது, கழுவலாமே என்று விரிப்பைத் தூக்கியிருக்கிறார். குளித்துவிட்டுக் குதிகாலால் நடந்து வெளியே வந்தார்.

"ஏண்டா தம்பி, ஊருல உள்ள காரையெல்லாம் முகம் பாக்கற மாதிரி அடிச்சுக் குடுத்தியே. உன் வீட்டுல கால் வைக்கக் கூசுதேடா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பெயிண்டரும் சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சாப்பிட உட்காரவில்லை. பசி இல்லை என்றார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் விழும் சத்தமும் கேட்கவில்லை.

மறுவாரம் குழாய் வேலைக்காரரை வரவழைத்தாள். அவர் உட்கார்ந்து பார்த்தார், தட்டினார், தலையைச் சொறிந்தார்.

"மாத்தணும்னா சுத்தி இருக்கிற டைல்ஸ உடைக்கணும். உடைச்சா சுவரும் கூட வரும். எதுக்கு வம்பு? தட்டு கெட்டியாத்தான் இருக்கு. எபாக்ஸின்னு கல்லு மாதிரி காயற பூச்சு ஒண்ணு இருக்கு, அதை மேல பூசிட்டாப் போதும். எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு, வந்து அடிச்சிட்டுப் போயிடுவாரு."

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் அங்கிருந்தே சொன்னார்: "வேற ஒருத்தன் பிரஷ் இந்த வீட்டுக்குள்ள வராது."

"அப்ப யாருங்க அடிக்கறது?"

"அப்படியே கிடக்கட்டும்."

குழாய்க்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் "ஆகட்டும்" என்றாள். இரண்டு பேரும் தங்கள் பக்கம்தான் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் கடை விட்டதும் அவள் நேரே பெயிண்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் பெயிண்டரின் பழைய சிநேகிதர்.

"குளியல் தொட்டி, ஷவர் தட்டுக்குப் பூசற எபாக்ஸி குடுங்க. வெள்ளை."

"யாரும்மா பூசப் போறா?"

"நான்தான்."

"பெயிண்டருக்குத் தெரியுமா?"

"தெரிய வரும்" என்றாள்.

கடைக்காரர் எபாக்ஸிப் பெட்டி, உப்புத்தாள், துருவுக்கும் பள்ளத்துக்கும் அடைக்கிற பசை, ஒட்டும் நாடா, நுரை உருளை, கையுறை, வடிகட்டி வைத்த முகமூடி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். முகமூடியை மட்டும் தனியாகக் கையில் கொடுத்து, "இத கழுத்துல மாட்டாதம்மா, மூஞ்சில மாட்டு" என்றார்.

பெட்டி வீட்டு மேஜையில் உட்கார்ந்திருந்ததைப் பெயிண்டர் வேலையிலிருந்து வந்ததும் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"யாரு அடிக்கிறதாம்?"

"நான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், அது இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "இது தையல் இல்லடி. தப்பா தைச்சா பிரிச்சிடலாம். இது காஞ்சா கல்லு."

"நீங்கதான் வேற ஆள் பிரஷ் வரக்கூடாதுன்னீங்க. நான் வேற ஆளா?"

அவர் பெட்டியை இன்னொரு முறை படித்தார். வாசனை போகும் வரை அவர் அக்கா வீட்டில் இருப்பது என்றும், அங்கிருந்து வீடியோ காலில் பார்த்துச் சொல்வது என்றும், அவர் சொல்கிறபடியே அவள் செய்வது என்றும் முடிவாயிற்று. கடைசி நிபந்தனைக்கும் அவள் "ஆகட்டும்" என்றாள்.

ஒவ்வொரு நாளும் கடை விட்டு வந்து, நைந்த ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, குளியலறை ஜன்னலைத் திறந்து, காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டுவிட்டு உட்காருவாள். பல் துலக்கும் பிரஷ்கள் இருந்த குவளையில் போனைச் சாய்த்து வைப்பாள். திரையில் பெயிண்டரின் நெற்றியும் அக்கா வீட்டு மின்விசிறியும் தெரியும்.

முதல் வேலை, தட்டுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த பழைய சிலிக்கான் பசையைப் பிளேடால் கீறி எடுப்பது. அது தையல் பிரிக்கிற மாதிரிதான் இருந்தது, நுனி கிடைத்துவிட்டால் நீளமாக உரிந்து வந்தது. அதுவரை அவளுக்குச் சந்தோஷம். அப்புறம் சோப்புக் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் தேய்த்துக் கழுவினாள். அதன் பிறகு உப்புத்தாள்.

"தேச்சாச்சு" என்றாள்.

"லைட்டைச் சாச்சுப் பிடி. இன்னும் மின்னுது பார்."

"எங்க?"

"இடது மூலையில. மின்னுற இடத்துல எதுவும் ஒட்டாது. தேய்."

"தேச்சுட்டேங்க."

"தேச்ச லட்சணம்தான் இங்க வரைக்கும் மின்னுதே."

திரையில் அக்காவின் முகம் குறுக்கே வந்தது. "ஏம்மா, சாப்பிட்டியா நீ? முழங்கால் என்னத்துக்கு ஆகும்? கீழ ஒரு தலகாணி போட்டுக்கோ."

"அக்கா, கொஞ்சம் நகருங்க. தட்டு தெரியல" என்று பெயிண்டரின் குரல் கேட்டது.

"தட்டு எங்கடா ஓடிடப் போகுது?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். கையுறைக்குள் விரல் நுனி வெந்தது. துருவைச் சுரண்டினாள், பள்ளத்தில் பசையை அடைத்தாள், அது இறுகியதும் அதையும் தேய்த்துச் சமமாக்கினாள். கடைசியில் தட்டு முழுக்கச் சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கிப் போயிற்று. பெயிண்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

கடை விடுமுறையன்று காலையில் பூசுவது என்று வைத்துக்கொண்டார்கள். தட்டு நன்றாகக் காய்ந்திருந்தது. ஷவர் சொட்டினால் அவ்வளவும் பாழ் என்று பெயிண்டர் சொன்னபடி, அதன் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டி நூலால் இறுகக் கட்டினாள். சுவரோரம் முழுக்க நாடா ஒட்டினாள். முகமூடியைக் கழுத்தில் இல்லாமல் மூஞ்சியில் மாட்டினாள்.

பெட்டியில் இரண்டு டின் இருந்தன. ஒன்று பூச்சு, மற்றது அதை இறுக வைப்பது.

"ரெண்டுலயும் பாதி பாதி எடுத்துக் கல. மிச்சம் ரெண்டாவது பூச்சுக்கு" என்றார் பெயிண்டர்.

"ஆகட்டும்."

பாதி என்பதை எப்படி அளப்பது? அவளுக்கு அது உறுத்தியது. ஒன்றில் கொஞ்சம் கூடி மற்றதில் கொஞ்சம் குறைந்தால்? இரண்டு டின்னும் ஒன்றுக்கொன்று அளவாகத்தானே வருகின்றன? முழுசாகக் கலந்துவிட்டால் அளவு தப்பவே தப்பாது. ஒரே துணியை ஒரே வெட்டாக வெட்டுகிற மாதிரி. பேண்ட் விஷயத்தில் இத்தனை வருஷம் அவளைக் காப்பாற்றிய மூளைதான் இங்கேயும் வேலை செய்தது. போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழுசையும் ஒரே டின்னில் ஊற்றிக் கலக்கினாள்.

ஆரம்பம் அழகாக இருந்தது. உருளையை முக்கி இழுத்தால் பால் விரித்தாற்போல வெள்ளை பரவியது. தூரத்து மூலையிலிருந்து வாசல் பக்கமாக வந்தாள். பாதித் தட்டு முடிவதற்குள் டின் கையில் சுட்டது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. உருளையை முக்கினால் நூல் நூலாக இழுத்தது. தட்டில் வைத்தால் பரவாமல் திட்டுத் திட்டாக நின்றது.

"என்ன அது? ஏன் இழுக்குது?" பெயிண்டரின் குரல் உயர்ந்தது. "எவ்வளவு கலந்த?"

அவள் கண் காலியாகக் கிடந்த மற்ற டின்னின் மேல் போயிற்று.

"முழுசும் கலந்துட்டியா? சூடேறிப் போச்சுடி அது! டின்னை வெளிய கொண்டு போ! உருளையை எடு! அங்க தொடாதே! ஏய், தொடாதேன்னு சொல்றேன் இல்ல!"

டின்னிலிருந்து மெல்லிசாகப் புகை எழும்பியது. போனில் சத்தம், பின்னால் அக்காவின் "என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு". அவள் ஒரு விரலை நீட்டி அழைப்பைத் துண்டித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பாதியில் எழுந்து போனதுகூட இல்லை.

பழந்துணியால் டின்னைப் பிடித்துக் கொண்டுபோய் வெளியே சிமெண்டுத் தரையில் வைத்தாள். உள்ளே போய்ப் பார்த்தாள். தட்டில் பாதி கண்ணாடி, பாதி காய்ந்த பசை. உருளை தட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பிய்த்தெடுத்துவிட்டு, வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள்.

இரண்டு பஸ் மாறி வருகிற நேரத்தில் பெயிண்டர் வந்து சேர்ந்தார். கையில் பட்டறையில் போட்டிருந்த பழைய முகமூடி. அக்கா வீட்டுக்குப் போகும்போதே அதைப் பைக்குள் போட்டு எடுத்துப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"உள்ள போகாதீங்க."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே போனார். அவள் எழுந்து பின்னால் போவதற்குள் திரும்பி வந்துவிட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சை இழுக்க முடியாமல். அவள் அவரைத் தெருவுக்கு இழுத்து வந்து, சட்டைப் பையிலிருந்த குப்பியை எடுத்து வாயில் வைத்து அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். தெருவில் போனவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் வேண்டாம் என்று தலையசைத்ததும் போனார்.

மூச்சு சீராக வெகுநேரம் பிடித்தது. எதிர்ப்பக்க நிழலில், பூட்டியிருந்த கடையின் படிக்கட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"பாதிதானே கலக்கச் சொன்னேன்" என்றார் அவர்.

"சொன்னீங்க."

"ஆகட்டும்னியே."

"சொன்னேன்."

"அப்புறம்?"

"எனக்குச் சரின்னு பட்டதைச் செஞ்சேன். எப்பவும் அப்படித்தான் செய்யறேன். உங்களுக்குத் தெரியாது. நீங்க கத்தினா எனக்கு வேலையே ஓடாது" என்றாள். "எதுக்காக பாதின்னு நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

அது நியாயம்தான். பெயிண்டர் முகமூடியின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள போய் நான் ஒண்ணும் பாக்கலடி. கண்ணே தெரியல. இதை மாட்டினா சமாளிச்சிடலாம், டாக்டர் சும்மா பயமுறுத்தறாருன்னுதான் இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். என்னைக்காவது பட்டறைக்குத் திரும்பிப் போவேன்னு..." அவர் தலையை ஆட்டினார். "இல்ல. அது முடிஞ்சு போச்சு."

ஆறுதல் சொல்வதெல்லாம் அவளுக்கு வராது. முகமூடியை அவர் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அது ஏன் சூடாச்சு?"

பெயிண்டர் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே சூடு பிறக்கும். குறுகலான டின்னில் நிறைய இருந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் ஏறும், ஏற ஏறச் சீக்கிரம் இறுகும். கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டையான ஏனத்தில் ஊற்றி வைத்தால் நிதானமாக வேலை பார்க்கலாம். பாதியை எப்படி அளப்பது என்று அவள் கேட்டாள். கோடு போட்ட அளவுக் குவளை இரண்டு வாங்கினால் போச்சு என்றார். கேள்விக்குப் பதில், பதிலுக்கு இன்னொரு கேள்வி என்று அந்தப் படிக்கட்டிலேயே மத்தியானம் கழிந்தது. இவ்வளவு நேரம் தொழிலைப் பற்றி அவர் அவளிடம் பேசினதே கிடையாது. கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பசிதான் தெரிந்தது.

பெயிண்டரை அக்கா வீட்டுக்கே அனுப்பிவிட்டு, பூச்சு கல்லாகும் வரை காத்திருந்து மறுபடி முதலிலிருந்து தேய்த்தாள். அந்த நாட்களில் அக்கா வீட்டில்தான் அவளுக்கும் குளியல். கடை விட்டு அங்கே போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உப்புத்தாளை எடுப்பாள். மூன்றாம் நாளோ என்னவோ, அக்காவும் கூடவே பஸ் ஏறிவிட்டார்.

"நான் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். அது இவ்வளவு தூரம் வந்து நிக்குது" என்றார், குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தபடி. "இனிமே உங்க வீட்டுல மூக்கைப் பொத்திக்கிட்டாவது சும்மா இருப்பேனே தவிர, வாயைத் திறக்க மாட்டேன்."

"இப்ப திறந்துக்கிட்டுத்தான் இருக்கீங்க அண்ணி."

"இது வேற. இது வேலைப் பேச்சு."

இரண்டாவது முறை பூசுகிற நாளன்று பெயிண்டர் போனில் சொன்னார்: "நான் ஒண்ணும் பேச மாட்டேன். போன் மட்டும் இருக்கட்டும். சந்தேகம்னா நீ கேளு."

புதிதாக வாங்கின பெட்டியிலிருந்து அவள் பாதியை மட்டும் குவளையில் அளந்து கலந்தாள். அகலமான ஏனத்தில் ஊற்றினாள். தூரத்து மூலையிலிருந்து தொடங்கி, ஈரமாக இருக்கும் விளிம்போடு அடுத்த இழுப்பு சேரும்படி, மெல்லிசாக, அவசரப்படாமல் வந்தாள். போனில் பேச்சில்லை. அவருடைய மூச்சு மட்டும் லேசான விசில் சத்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்தது. பழகிப்போன சத்தம். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி அதுவும் தன் பாட்டுக்கு ஓடியது.

முக்கால்வாசி ஆனபோது அந்த மூச்சு சட்டென்று நின்றது. அவள் போனைப் பார்த்தாள். பெயிண்டர் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டைப் பார்த்தாள். வெள்ளையில் ஒரு முடி. அவளுடையதுதான், பாதி நரைத்தது. சட்டைக் காலரில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்து, நுனியால் அதைத் தூக்கி எடுத்தாள். உருளையை அந்த இடத்தில் லேசாக ஒரு தரம் ஓட்டினாள். போனில் மூச்சு திரும்பி வந்தது.

"பாத்துட்டுச் சொல்லாம இருந்தீங்களா?"

"பேசமாட்டேன்னு சொன்னேன் இல்ல."

"முடி கிடந்தாச் சொல்லலாம்."

"முதல்லயே சொல்லியிருக்கணும் அதை" என்றார் பெயிண்டர். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. முகமூடிக்குள் சிரித்து அவளுடைய மூக்குக்கண்ணாடி மங்கிப் போயிற்று.

அது காய்ந்து இரண்டாவது பூச்சும் ஆயிற்று. நாலைந்து நாள் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. வாசனை முழுக்கப் போன பிறகு, அவள் புதுச் சிலிக்கானை ஓரமாக இழுத்துவிட்டு, வரலாம் என்று போன் செய்தாள். பெயிண்டர் வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் குளியலறை வாசலில் நின்று முகர்ந்து பார்த்தார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஓர் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளங்கையால் தடவினார். தண்ணீர் இறங்கும் வாய்க்குப் பக்கத்தில் கை நின்றது.

"இங்க ஒழுகி இறங்கியிருக்கு."

"ஆமா. அங்க கொஞ்சம் கூடிப் போச்சு."

"காரா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பாங்க."

"இத யாரு ரோட்டுல ஓட்டப் போறா? நின்னு குளிக்கத்தானே?"

அவர் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. கொதிகலனில் சுடுதண்ணீர் தீர்ந்து போகிற வரைக்கும் அவர் வெளியே வரவில்லை. அவள் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டியிருந்தது. தட்டு காலுக்கு வழவழவென்று, ஆனால் வழுக்காமல் இருந்தது. ஒழுகி இறங்கிய அந்த இடத்தில் மட்டும் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி நின்றது. அதைக் கடைசியில் குளிப்பவர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வருவது என்று பழக்கமாயிற்று.

கடையில் அதற்குப் பிறகு ஒரு சின்ன மாறுதல் தெரிந்தது. விடுமுறை நாளில் வரச் சொன்ன முதலாளியிடம் அவள், "எதுக்கு?" என்று கேட்டாளாம். முதலாளி திகைத்துப்போய்க் காரணம் சொன்னாராம். காரணம் சரியாக இருந்ததால் அவள் போனாள். பேண்ட் நீட்டுகிறவர்களிடமும், "துவைச்சா சுருங்கும், ரெண்டு விரல் போதும்" என்று வாய் திறந்து சொல்ல ஆரம்பித்தாள். சிலர் ஒத்துக்கொண்டார்கள். சிலர் மூன்று விரல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நின்றவர்களுக்கு மூன்றே குறைத்துக் கொடுத்தாள். அதில் இரண்டு பேர் பிற்பாடு வந்து, கணுக்கால் தெரிகிறது என்று புலம்பினார்கள்.

அடுத்த தடவை வந்தபோது அக்கா தன் வீட்டுத் தட்டையும் பூசித் தரச் சொன்னார். அது வெளிர் பச்சை. வெள்ளை வேண்டாம், டைல்ஸெல்லாம் பச்சை, அதே பச்சைதான் வேண்டும் என்றார். கடையில் அந்தப் பச்சை இல்லை. வெள்ளையும், அதில் கலக்க நிறச் சாயக் குழாய்கள் சிலவும் வாங்கிக்கொண்டு போனார்கள். பெயிண்டர் அக்கா வீட்டுக்கு வெளியே, காற்று எதிர்ப்பக்கம் போகும்படி பார்த்துத் தெருவோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். அவள் உள்ளே ஒரு சொட்டு சாயம் கலந்து, அட்டைத் துண்டில் பூசி, அது நன்றாகக் காய்ந்து வாசனை போன பிறகு அடுத்த தடவை வந்தபோது வெளியே கொண்டு வந்து காட்டினாள். அவர் மிச்சமிருந்த பச்சை டைல்ஸ் துண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அட்டையை அதன் பக்கத்தில் வெயிலில் பிடித்தார்.

"மஞ்சள் தூக்கலா இருக்கு. நீலம் ஊசி முனை அளவு. கறுப்பு தொடாதே."

"ஏன் கறுப்பு வேண்டாம்?"

"அழுக்குப் பச்சையாயிடும். நிழல்ல பாத்தா சரியாத்தான் தோணும், லைட் போட்டதும் காட்டிக் குடுத்துடும்."

வாரக் கடைசிகளில் அட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொன்றின் பின்னாலும் எது எவ்வளவு என்று அவள் எழுதினாள். ஒரு நாள் பெயிண்டர் டைல்ஸையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று, தெருவில் போய்க்கொண்டிருந்த தபால்காரரை நிறுத்தினார்.

"தம்பி, இதுல எது புதுசு, எது பழசு?"

தபால்காரர் இரண்டையும் குனிந்து பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

"பாத்தியா!" என்றார் பெயிண்டர் அவளிடம்.

அவள் அட்டையை வாங்கிக்கொண்டு, அதே அளவில் கலந்து தட்டைப் பூச உள்ளே போய், முகமூடியை மாட்டிக் கதவைச் சாத்தினாள். அவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு, வாசனை எட்டாத தூரமாகக் கடைத்தெருப் பக்கம் நடக்கப் போனார்.